ஊரடங்கில் எல்லாம் ஆன்லைனில் கிடைத்ததா? தனியாக இருக்கும் அம்மாவுக்காகக் கேட்டவருக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டது இதுதான்: மறுபடியும் கொரோனா மாதிரி ஒன்று வந்து ஊரடங்கு போட்டுவிட்டால், எழுபது வயதைத் தாண்டித் தனியாக இருக்கும் அம்மா மருந்துக்கும் மளிகைக்கும் வங்கி வேலைக்கும் என்ன செய்வார்? போன முறை எல்லாமே ஆன்லைனுக்கு மாறிவிட்டதே, இப்போதே ஒரு ஸ்மார்ட்ஃபோன் வாங்கிக் கொடுத்துப் பழக்கிவிட்டால் போதாதா?

போதாது. வாங்கிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "எல்லாம் ஆன்லைனுக்கு மாறிவிட்டது" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பாதி உண்மைதான், மீதிப் பாதியில்தான் உங்கள் அம்மா மாதிரியானவர்கள் இருந்தார்கள். 2020-ல் முதியவர்களுக்கு உதவும் ஒரு தொலைபேசிக் குழுவில் பல மாதம் உட்கார்ந்திருந்தேன். பொதுச் சேவைகள் ஜனங்களுக்கு எப்படிப் போய்ச் சேருகின்றன, எங்கே நின்றுவிடுகின்றன என்று பார்ப்பதுதான் என் தொழிலும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு அழைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதான அம்மா, ரத்த அழுத்த மாத்திரை ஐந்துதான் மிச்சம் என்றார். மருந்துக்கடை அவர் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. கடையில் மாத்திரை இருந்தது, அவர் வங்கிக் கணக்கில் பணமும் இருந்தது, வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதற்கு ஆளும் இருந்தது. ஆனால் ஆர்டரைச் செயலி வழியாகத்தான் எடுப்போம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். செயலியில் பணம் கட்ட ஓடிபி வேண்டும், அந்த ஓடிபி போவதோ வெளிநாட்டில் இருக்கும் மகன் ஃபோனுக்கு. அங்கே அப்போது நடு இரவு. மகன் காலையில் எழுந்து எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அது காலாவதியாகியிருக்கும், திரும்பவும் முதலிலிருந்து. இப்படியே இரண்டு நாள் போயிருக்கிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்வோமே, அதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். கடைசியில் நாங்கள் கடைக்கு நேராக ஃபோன் போட்டு, கவுன்டரில் இருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார். மொத்தமே நான்கு நிமிடப் பேச்சு.

அந்த அம்மாவுக்கு இல்லாமல் போனது ஆறு இலக்க எண் ஒன்றுதான். ஊரடங்கு நாட்களில் சேவை அறுந்தது பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான். சரக்கு இல்லாமல் போனதைவிட, வாசல் ஒன்றே ஒன்று என்று ஆகிப்போனதால் நின்றவர்கள் அதிகம். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படித்தால் நான் சொல்ல வருவது விளங்கும்: ஒவ்வொரு தேவைக்கும் அம்மாவுக்கு இரண்டாவது வாசல் ஒன்று இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11-ல் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்த சமயத்தில், உலகத்தில் ஏறக்குறைய 370 கோடிப் பேர் இணையமே பயன்படுத்தாதவர்கள். பள்ளிகள் மூடப்பட்டதில் உச்சத்தில் சுமார் 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். 3 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு வீட்டில் இணையம் கிடையாது என்று அந்த ஆண்டுக் கடைசியில் யுனிசெஃப் கணக்குச் சொன்னது. இவர்களுக்கெல்லாம் "இனி எங்கள் இணையதளத்தைப் பாருங்கள்" என்று மூடிய கதவில் ஒட்டியிருந்த காகிதம் என்ன உதவி செய்திருக்கும்? அப்படி ஒரு காகிதத்தை நானே பார்த்திருக்கிறேன், ஒரு அலுவலக வாசலில். அதில் நீண்ட முகவரி ஒன்று பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது, தொலைபேசி எண் எங்குமே இல்லை. ஒரு பெரியவர் கையில் கவரோடு நின்று அதை மூன்று தடவை படித்தார், அப்புறம் கவரைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விட்டார். அதை யாராவது எடுத்துப் பார்த்தார்களா என்று இன்றுவரைக்கும் யோசிக்கிறேன்.

இரண்டாவது வாசல் வைத்த இடங்களும் இருந்தன. பிரான்ஸில் 2020 மார்ச் 17-லிருந்து வெளியே போகிறவர்கள் ஒவ்வொருவரும் எதற்காகப் போகிறோம் என்று உறுதிமொழிப் படிவம் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். கடுமையான விதிதான். ஆனால் பிரிண்டர் இல்லாதவர்கள் அதே வாசகத்தை வெள்ளைத் தாளில் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் செல்லும். ஃபோனில் காட்டும் வசதி வந்ததே ஏப்ரல் 6-ல்தான், அது வந்த பிறகும் காகிதத்தை நிறுத்தவில்லை. சிங்கப்பூரில் தொற்று வந்தவரோடு யார் யார் தொடர்பில் இருந்தார்கள் என்று கண்டறியும் செயலியை மார்ச்சில் கொண்டுவந்தார்கள், ஸ்மார்ட்ஃபோன் இல்லாத முதியவர்களுக்காக ஜூன் கடைசியில் சாவிக்கொத்து மாதிரி ஒரு சின்னக் கருவியைக் கையில் கொடுத்தார்கள். அந்த மூன்று மாத இடைவெளியைக் குறை என்று சொல்லலாம், ஆனால் முதியவர்களை மறந்துவிடவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது டோகோ என்கிற சின்ன ஆப்பிரிக்க நாடு செய்தது. 2020 ஏப்ரலில், வேலை நின்றுபோன அன்றாடக் கூலிக்காரர்களுக்குப் பணம் அனுப்ப அவர்கள் ஏற்பாடு செய்த திட்டத்தில் சேர, சாதாரண பட்டன் ஃபோனில் ஒரு குறியீட்டு எண்ணை அடித்தால் போதும். இணையம் வேண்டாம், அலுவலகம் போக வேண்டாம், விண்ணப்பம் எழுத வேண்டாம். வாக்காளர் அட்டை எண்ணை வைத்துச் சரிபார்த்து, பணத்தை அதே ஃபோனுக்கே அனுப்பினார்கள், பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் கொடுத்தார்கள். வாக்காளர் அட்டை இல்லாதவர்கள் அதில் சேர முடியாமல் போனார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும், எந்த வாசலுக்கும் ஒரு படி இருக்கத்தான் செய்கிறது, அந்தப் படியை யாரால் ஏற முடியாது என்று யோசித்து வைத்திருந்தால் அடுத்த வாசலை அவர்களுக்காகவே திறக்கலாம்.

வரிசை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் அம்மா நிச்சயம் எங்காவது நிற்க வேண்டியிருக்கும். கூட்டத்தைக் குறைக்க அரசாங்கங்கள் போட்ட விதிகள் சில கூட்டத்தைக் கூட்டிவிட்டன. பனாமாவும் பெருவும் ஆண்களுக்கு ஒரு நாள், பெண்களுக்கு ஒரு நாள் என்று 2020 ஏப்ரல் தொடக்கத்தில் பிரித்தன. பெருவில் ஒரு வாரம்தான் தாக்குப்பிடித்தது. வீட்டுக்குச் சாமான் வாங்குவது பெரும்பாலும் பெண்கள் என்பதால் பெண்கள் நாளில் சந்தை நிரம்பி வழிந்தது, விதியையே எடுத்துவிட்டார்கள். இன்னொன்றும் அங்கே இருந்தது. நாட்டில் சுமார் பாதி வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் அவர்கள் எங்கே வைப்பார்கள்? தினமும் சந்தைக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை, அந்தச் சந்தைகளிலேயே தொற்றும் பரவியது.

அதற்கு நேர்மாறாக தைவானில் மாஸ்க் பங்கீட்டை 2020 பிப்ரவரி 6-லிருந்து மருந்துக்கடைகள் வழியாக நடத்தினார்கள். எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கிற மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் போதும், அடையாள எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதைப் பொறுத்து நாள். எந்தக் கடையில் எத்தனை மிச்சம் என்ற தகவலை அரசு வெளியிட, தன்னார்வ நிரலாளர்கள் அதை வைத்து வரைபடம் செய்துவிட்டார்கள். தென் கொரியாவில் மார்ச் 9-லிருந்து பிறந்த வருடத்தின் கடைசி எண்ணைப் பார்த்து வாரத்தில் ஒரு நாள், அந்த நாளில் வர முடியாதவர்களுக்குச் சனி ஞாயிறு. மிகவும் வயதானவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அதே வீட்டில் இருப்பவர் போய் வாங்கிக்கொள்ளலாம் என்றும் வைத்திருந்தார்கள். இந்தக் கடைசி விதியைக் கவனியுங்கள். "உரியவர் நேரில் வர வேண்டும்" என்ற நிபந்தனைதான் முதியவர்களைப் போட்டு வதைப்பது. வேறொருவர் போனால் செல்லுமா, அதற்கு என்ன காகிதம் வேண்டும் என்பதை அம்மா பயன்படுத்தும் ஒவ்வொரு இடத்திலும் இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள். சாதாரண நாளில் கேட்டால் பொறுமையாக உட்காரவைத்துச் சொல்வார்கள், ஊரடங்கில் கேட்டால் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டிவிடுவார்கள்.

பல நாடுகளில் பெரிய கடைகள் காலையில் முதல் ஒரு மணி நேரத்தை முதியவர்களுக்கு என்று ஒதுக்கின. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த நேரத்துக்கு வண்டி கிடைக்காதவர்கள், விடிந்தவுடன் கை கால் மரத்து எழுந்திருக்கவே நேரமாகிறவர்கள் அந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிட்டார்கள். எங்களை அழைத்த ஒருவர், "எனக்காக ஒதுக்கிய நேரத்தில்தான் எனக்கு முட்டி மடங்காது" என்றார். அவருக்குக் கூட்டம் குறைந்த மதிய வேளைதான் தோதாக இருந்தது. ஆக, விதி எதுவாக இருந்தாலும் அம்மாவின் உடம்புக்கு எந்த நேரம் ஒத்துவரும் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

மருந்தைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். அழைப்புகளில் பாதிக்கு மேல் மருந்துதான். பிரச்சினை எப்போதும் ஒரே மாதிரி: மருந்துச் சீட்டு காலாவதி, டாக்டரைப் பார்க்க முடியாது, சீட்டு இல்லாமல் கடையில் கொடுக்க மாட்டார்கள். பிரான்ஸில் 2020 மார்ச் நடுவிலேயே இதற்கு வழி செய்தார்கள். நாள்பட்ட நோய்க்காரர்களுக்குப் பழைய சீட்டு காலாவதியாகியிருந்தாலும் மருந்துக்கடைக்காரரே அதை வைத்துத் தொடர்ந்து கொடுக்கலாம். இந்தியாவில் மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், வீடியோ மட்டுமின்றி வெறும் குரல் அழைப்பிலும் எழுத்துச் செய்தியிலும் ஆலோசனை சொல்லலாம் என்று தெளிவாக்கின. அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டுத் திட்டம், முகம் பார்க்காமல் வெறும் ஃபோனில் பேசும் ஆலோசனைக்கும் நேரில் பார்ப்பதற்கு ஈடாக டாக்டர்களுக்குப் பணம் கொடுக்க ஏப்ரல் கடைசியில் ஒத்துக்கொண்டது. வெறும் குரலுக்கு இடம் கொடுத்தது சின்ன விஷயமாகத் தெரியலாம், வீடியோ வராத ஃபோனோடு இருந்தவர்களுக்கு அதுதான் டாக்டர்.

அதனால் அம்மாவுடைய டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். வழக்கமான மாத்திரைகளுக்கு நீண்ட நாள் சீட்டு எழுத முடியுமா, அவசரத்தில் ஃபோனில் பேசினால் சீட்டைப் புதுப்பித்துத் தருவார்களா? அப்புறம் ஒவ்வொரு மாத்திரையின் மூலப்பெயரும் அளவும் ஒரு தாளில் பெரிதாக எழுதி வையுங்கள், கம்பெனிப் பெயர் மட்டும் போதாது. ஒரு கம்பெனியின் சரக்கு வராமல் போகும்போது "வெள்ளையாக, நடுவில் கோடு போட்டு இருக்குமே" என்று ஃபோனில் விவரிப்பவர்களோடு எத்தனையோ தடவை தவித்திருக்கிறேன், அடையாளம் தவறாகிவிட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சம்மதித்தால் மூன்று நான்கு வாரத்துக்குக் கூடுதலாக ஒரு பெட்டி இருக்கட்டும், ஆனால் அதை அலமாரியில் பூட்டி வைத்துக் காலாவதி ஆக்கிவிடாதீர்கள். புதிதாக வாங்கியது பின்னால், பழையது முன்னால், அவ்வளவுதான். அதற்கு மேல் பதுக்கினால் அடுத்த வீட்டுக்காரருக்குக் கிடைக்காது.

மருந்தோடு சேர்த்து மறந்துபோகும் சில உண்டு. மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவியின் பேட்டரி, பல்செட். இங்கிலாந்தில் 2020 மார்ச் கடைசியிலிருந்து ஜூன் 8 வரைக்கும் வழக்கமான பல் சிகிச்சையே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பத்து வாரத்துக்கு மேல். பல்வலியோடு பத்து வாரம் என்றால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு ஆடுகிற பல் ஏதாவது இருந்தால், விரிசல் விட்ட கண்ணாடி இருந்தால், அதையெல்லாம் இந்த மாதமே முடித்துவிடுங்கள். காது விஷயத்தில் இன்னொன்று: கொஞ்சம் காது மந்தமானவர்கள் தங்களை அறியாமலேயே உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார்கள். மாஸ்க் வந்தபோது அது போய்விட்டது, கவுன்டரில் கண்ணாடித் தடுப்பும் சேர்ந்துகொண்டது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு எதுவும் புரியாமல் வீடு திரும்பியவர்கள் நிறையப் பேர். தேவையை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுவது, பதிலையும் எழுதிக் கொடுக்கச் சொல்வது, இந்தப் பழக்கம் ஒன்று போதும்.

தள்ளிப்போட்டவை தனிக் கதை. கண்ணுக்கு உடனே தெரியாத நஷ்டம் அங்கேதான் நடந்தது. 2020-ல் உலகத்தில் 2.3 கோடிக் குழந்தைகள் வழக்கமான தடுப்பூசிகளைத் தவறவிட்டார்கள், முந்தைய ஆண்டைவிட 37 லட்சம் அதிகம். 2021-ல் அது 2.5 கோடியானது. ஊரடங்கு தளர்ந்த பிறகும் குறையாமல் கூடியது என்பதைப் பாருங்கள். முதியவர்களுக்கும் அதே நிலைதான்: சர்க்கரைப் பரிசோதனை, கண் அழுத்தம், மார்பில் தென்பட்ட கட்டி, "எல்லாம் சரியானதும் போய்க்கொள்ளலாம்" என்று விட்டது. மருத்துவமனைக்குப் போனால் தொற்றிக்கொள்ளுமோ என்ற பயம் நியாயமானது, அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை விழுவது, பேச்சுக் குழறுவது, இவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லி வையுங்கள். ஊரடங்கிலும் அவசரப் பிரிவுகள் திறந்துதான் இருந்தன.

காகித வேலைகளில் பதற வேண்டியதில்லை. காலாவதியாகும் உரிமங்களுக்கு அவகாசத்தைப் பல அரசுகள் தாங்களாகவே நீட்டின. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 பிப்ரவரிக்கும் ஆகஸ்டுக்கும் இடையே காலாவதியாகும் ஓட்டுநர் உரிமங்களுக்கு ஏழு மாதம் கூட்டிக் கொடுத்தார்கள். ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ்வுச் சான்று மாதிரி பணம் நின்றுவிடக் கூடியவற்றை மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றவை காத்திருக்கும்.

பணம். கொரோனா தொடங்கிய மாதங்களில் நோட்டைத் தொடவே பயந்தார்கள், சில கடைகளில் ரொக்கம் வாங்க மறுத்தார்கள். பொருட்களைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு ஒரு தொடுதலுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றைவிடக் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. அதற்குள் ஒரு வருடம் ரொக்கத்தை மட்டும் நம்பியிருந்தவர்கள் அலைந்துவிட்டார்கள். கென்யாவில் மார்ச் 2020-ல் ஃபோன் வழியாக அனுப்பும் சிறு தொகைகளுக்குக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், ஏழைகளுக்கு அது பெரிய ஆறுதல். உங்கள் அம்மாவுக்கு நான் சொல்வது: மின்சாரம், தண்ணீர், தொலைபேசிக் கட்டணம் தானாகக் கழியும்படி வங்கியில் ஏற்பாடு, இரண்டு மூன்று வாரச் செலவுக்குச் சில்லறை நோட்டுகளாகக் கையில் ரொக்கம். பெரிய நோட்டாக வைத்தால் வீட்டுக்குக் கொண்டுவருகிறவரிடம் மீதி இருக்காது, எங்கள் குழுவில் அடிக்கடி நடந்த தகராறு இது. கார்டையும் ரகசிய எண்ணையும் உதவிக்கு வந்தவர் கையில் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது, எவ்வளவு நல்லவராக இருந்தாலும். நிவாரணப் பணம் வந்திருக்கிறது, எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்டு வந்த ஏமாற்று அழைப்புகள் அந்த நாட்களில் எக்கச்சக்கம். உண்மையான நிவாரணம் எதுவும் ஓடிபி கேட்காது என்ற ஒரு வரியை அம்மா மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

இனி அக்கம்பக்கம். என்னைக் கேட்டால் முதல் வாசலே இதுதான். வூஹான் நகரத்தை 2020 ஜனவரி 23-லிருந்து ஏப்ரல் 8 வரை 76 நாள் மூடியிருந்தார்கள். பிப்ரவரியில் குடியிருப்பு வளாகங்களை விட்டே வெளியே வர முடியாமல் போனபோது, ஒவ்வொரு வளாகத்திலும் யாராவது ஒருவர் முன்வந்து எல்லா வீட்டுக்கும் சேர்த்துப் பட்டியல் எழுதி மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுத்தார்கள். பட்டியல் ஃபோன் குழுக்களில் ஓடியது, ஆனால் அதை ஓடவைத்தது வாசல் வரைக்கும் மூட்டை சுமந்த ஆட்கள். பிரிட்டனில் மார்ச் கடைசியில் தன்னார்வலர்கள் வேண்டும் என்று கேட்டபோது சில நாட்களிலேயே 7.5 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். அவர்களில் பலர் வாரக்கணக்கில் அழைப்பு வராமல் காத்திருந்தார்கள். உதவத் தயாரான கை அவ்வளவு இருந்தும் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

ஏன் கேட்பதில்லை என்பது எனக்கு ஃபோனில் புரிந்தது. "ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டால் முதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "ஒன்றும் வேண்டாம், நீங்கள் பத்திரமாக இருங்கள்" என்பார்கள். அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று வாழ்ந்த தலைமுறை. நாங்கள் கேள்வியை மாற்றினோம். "நாளைக்கு மருந்துக்கடைக்குப் போகிறேன், உங்களிடம் எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கிறது, எண்ணிச் சொல்லுங்கள்" என்றால் ஃபோனைக் கீழே வைத்துவிட்டுப் போய் எண்ணிக்கொண்டு வருவார்கள். "இரண்டு" என்று பதில் வரும். "ஒன்றும் வேண்டாம்" என்று சொன்ன அதே ஆள். மூன்றாவது நான்காவது அழைப்பில்தான் உண்மையான தேவையே வெளியே வரும், பல்பு எரியவில்லை, குனிந்து நகம் வெட்ட முடியவில்லை, கேஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டர் வேலை செய்யவில்லை, இப்படி. நீங்களும் அம்மாவிடம் இப்படித்தான் கேளுங்கள், "நன்றாக இருக்கிறாயா" என்ற கேள்விக்கு "இருக்கிறேன்" என்பதைத் தவிர வேறு பதிலே கிடையாது.

அதனால் அம்மா வீட்டிலிருந்து நடந்தே வரக்கூடிய தூரத்தில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் போதாது, அவரே காய்ச்சலில் படுத்துவிட்டால் என்ன செய்வது? அவர்களிடம் இப்போதே போய்ப் பேசுங்கள், உங்கள் எண்ணைக் கொடுத்து அவர்கள் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், சாவி யாரிடம் இருக்கும் என்று முடிவு செய்யுங்கள். கைமாறாக அவர்களுக்கு அம்மாவால் ஆகக்கூடியது ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது. வாங்குகிறவராக மட்டும் இருப்பது வயதானவர்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், படிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படலாம். எல்லோருக்கும் வீடு பாதுகாப்பான இடம் கிடையாது. அடிக்கிறவரோடு ஒரே வீட்டில் பூட்டப்பட்டவர்களால் ஃபோனில் பேச முடியாது, இணையத்தில் தேட முடியாது. ஸ்பெயினின் கேனரி தீவுகளில் 2020 மார்ச்சில் ஒரு ஏற்பாடு செய்தார்கள், மருந்துக்கடைக்குப் போய் "மாஸ்க் 19" வேண்டும் என்று சொன்னால் கடைக்காரர் புரிந்துகொண்டு போலீஸை அழைப்பார். பிரிட்டனிலும் 2021 ஜனவரியில் மருந்துக்கடைகளில் இதே மாதிரி ஒரு சங்கேதச் சொல் வந்தது. மூடிய ஊரில் திறந்திருந்த சில கதவுகளில் அது ஒன்று என்பதைக் கண்டுபிடித்து அதையே பயன்படுத்திக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரர்கள் அந்த வருடங்களில் செய்த வேலைக்கு இன்னும் சரியான நன்றி சொல்லப்படவில்லை என்று நினைக்கிறேன்.

சரி, ஸ்மார்ட்ஃபோன். வாங்கும்போது சிம் அம்மா பெயரிலேயே இருக்கட்டும், வங்கியில் பதிந்திருக்கும் எண்ணும் அதுவாகவே இருக்கட்டும், ஓடிபி அவர் கையில் இருக்கும் ஃபோனுக்கு வர வேண்டும். நான் மேலே சொன்ன அம்மா தவித்தது இந்த ஒன்றால்தான். மூன்று விஷயம் மட்டும் கற்றுக்கொடுங்கள்: அழைப்பது, வீடியோவில் பேசுவது, ஒரு தாளைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவது. படம் அனுப்பத் தெரிந்தால் மருந்துச் சீட்டு, பில், கதவில் ஒட்டிய அறிவிப்பு எதுவானாலும் நீங்கள் படித்துச் சொல்லிவிடலாம். பணம் கட்டும் செயலியெல்லாம் அப்புறம், அதுவும் அவர் ஆசைப்பட்டால். பழைய பட்டன் ஃபோனைத் தூக்கிப் போட வேண்டாம், சார்ஜ் நான்கு நாள் நிற்கும், அவசரத்தில் விரல் பழகியதைத்தான் தேடும்.

அடுத்த முறை அம்மா வீட்டுக்குப் போகும்போது ஒரு அட்டை வாங்கிக்கொண்டு போங்கள். மருந்துக்கடை, டாக்டர், வங்கிக் கிளை, பக்கத்து வீட்டு இரண்டு பேர், ஆம்புலன்ஸ், நீங்கள் என்று எண்களைத் தடித்த பேனாவில் பெரிதாக எழுதி ஃபோன் பக்கத்தில் ஒட்டுங்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு எண்ணுக்கும் அம்மாவையே ஒரு தடவை போட்டுப் பேசச் சொல்லுங்கள், ஆம்புலன்ஸுக்கு மட்டும் வேண்டாம். எங்கள் பட்டியலில் இருந்த கடை எண்களில் எத்தனையோ மாறிப்போயிருந்தன, அது தெரிய வந்ததே யாரோ ஒருவருக்கு மருந்து தீர்ந்துபோன ராத்திரியில்தான்.